தோள் சரிந்த மடிப்பு

மழைக்காலத்தில் மடிப்பக்காவுக்கு வாய் நீண்டுவிடும். ஈரக் காற்று ஜரிகையைக் கறுக்க வைக்கும். அந்தக் கோபத்தைச் சேலை கொண்டுவருகிறவர்கள்மேல் இறக்கிவைப்பாள்.

“சென்ட்டை அடிச்சுக்கிட்டு அது காயறதுக்குள்ள சேலையைக் கட்டுனியா? இது வெள்ளிம்மா. மேல தங்கம் பூசின வெள்ளி. உன் சென்ட்டைக் குடிச்சுட்டு மூஞ்சியைக் கறுத்துக்கிட்டு நிக்குது பாரு. அந்துருண்டையை வேற ஜரிகை மேலயே வச்சிருக்கே. பீரோ மூலையில துணியில முடிஞ்சு வைக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?”

அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அடுத்த கல்யாணத்துக்கும் அவளிடமே வந்து வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். கை அப்படி. பட்டுச் சேலையின் முந்தானையையும் கொசுவத்தையும் முன்கூட்டியே மடித்து, தேய்த்து, பெட்டியில் போட்டுக் கொடுப்பாள். வீட்டுக்குப் போய்ச் செருகிக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டடத்தில் கீழே மூன்று அறைகள். முன்னறையில் நான், சேலைக்கு ஃபால்ஸும் பிக்கோவும் தைக்கிற மெஷினோடு. நடு அறையில் அக்கா, நீள மேசையோடு. பின்னறையில் அவள் புருஷன் பாலிஷ்காரர். கசங்கின சேலைகளைச் சூடான உருளையில் ஓடவிட்டுப் புதுசாக்குகிறவர். நாள் முழுக்க அந்த உருளை முனகிக்கொண்டிருக்கும். மாடியில் அவர்கள் குடித்தனம். பாலிஷ்காரருடைய அம்மாவும் கூட இருந்தாள்.

அன்றைக்கு ஒரு நர்ஸம்மா அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுச் சேலை கொண்டுவந்தாள். தம்பி கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்தது. கையால் நெய்தது, கனம். அக்கா அதை மேசையில் விரித்தாள். விரித்தவள் ஒன்றும் பேசவில்லை. அவள் திட்டுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு ஊசி ஓடும். எட்டிப் பார்த்தேன். முந்தானையில் பழைய மடிப்புத் தடங்கள் இருந்தன. அவற்றின்மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனாள்.

“இதை முன்னாடி யாரு கட்டினது?”

“ஒரு கல்யாணப் பொண்ணுக்கா. நான் எடுக்கப் போனப்பதான் திருப்பிக் குடுத்துக்கிட்டிருந்தா.”

“ரொம்ப உயரமோ?”

“எங்க? என் உயரம்தான். கொசுவம் கால்ல மாட்டி மேடையிலயே விழப் பாத்தேன்னு கடைக்காரம்மாகிட்ட ஒரே சண்டை.”

நர்ஸம்மா போனதும் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“நீயும் நாள் முழுக்கச் சேலையோடதானே கிடக்கிறே. சொல்லு. இடுப்புல செருகறதுக்கு எவ்வளவு விட்டிருக்கு?”

“ரெண்டு விரக்கடை.”

“அப்ப உயரமானவ. குட்டைன்னா இன்னும் நிறைய செருகணும். தோள் மடிப்பு எங்க உடையுது பாரு. நேரா உடையணும். இது சாய்வா இருக்கு. கட்டுறவளுக்கு இடது தோள் இறங்கி இருக்கு. இறங்கின தோள்ல முந்தானை நழுவும்னு உள்ளே ஒரு மடிப்பைக் கூடுதலா வச்சிருக்கா, மடிச்சவ. நல்ல கை.” தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். “அது என் கை.”

“நீங்க மடிச்சதா?”

“இந்தச் சேலையை இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

தோள் மடிப்பின் உள்பக்கம் ஒரு துண்டு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. எல்லாரும் மடிப்பு கலையாமல் இருக்க ஊக்குக் குத்துவார்கள். ஊக்கு ஜரிகையை இழுத்துவிடும் என்று அக்கா மட்டும் வெள்ளை நூலால் ஒரு தையல் போடுவாள். முடிச்சுப் போடாமல் இரண்டு சுற்றுச் சுற்றி விடுவாள், இழுத்தால் வந்துவிடும். அந்த இரண்டு சுற்று அப்படியே இருந்தது.

பாலிஷ்காரர் சேலையை உருளையில் ஓட்டினார். மற்ற தடங்கள் போய்விட்டன. தோளில் உடைந்த சாய்வுக் கோடு மட்டும் போகவில்லை. மறுபடி ஓட்டியும் போகவில்லை.

“பட்டு மறந்துடும். ஜரிகை மறக்காது. வளைஞ்ச இடத்துல வளைஞ்சதுதான்” என்றார் அவர், சாதாரணமாக.

அந்த மழை விடுவதற்குள் இன்னும் இரண்டு சேலைகள் அதே வாடகைக் கடையிலிருந்து வந்தன. ஒன்று ஊதா, ஒன்று மஞ்சள். கட்டினவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் மூன்றும் ஒரே உடம்புக்கு மடிக்கப்பட்டிருந்தன. நெடுநெடுவென்று உயரம், அகன்ற இடுப்பு, இறங்கின இடது தோள். மஞ்சளை விரித்த அன்றைக்கு அக்கா மேசையை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். யாரோ ஒருத்தி அந்தச் சேலைகளுக்குள் நின்றுகொண்டு, அறைக்கு அறை நகர்ந்து வருகிற மாதிரி எனக்கும் இருந்தது.

அக்காவின் கையைப் போல மடிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். பாலிஷ்காரருடைய தங்கச்சி. குட்டையாக, துறுதுறுவென்று இருப்பாள். குருவி என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். அண்ணன் கேட்கவில்லை. கல்யாணத்துக்கென்று சொல்லி நெய்த பச்சைப் பட்டு வந்து சேர்ந்த மறுநாள், அதையே பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். “போறதுன்னா போ. செத்துட்டேன்னு நினைச்சுக்கறேன்” என்று அண்ணன் மாடியிலிருந்து கத்தினது எனக்குக் கேட்டது. அவள் ஏறின பஸ் அன்று மதியமே தீப்பிடித்தது.

கரிந்து சுருங்கின உடம்புகளை வைத்து யாரையும் அடையாளம் சொல்ல முடியவில்லை. பட்டு எரிந்துவிடும், வெள்ளி அவ்வளவு சீக்கிரம் போகாது. ஒரு உடம்பின்மேல் கறுத்த கம்பி வலையாக ஒரு சாண் கரை மிஞ்சியிருந்தது. கரை முழுக்க அன்ன வரிசை. நெய்தவர் கை தவறி ஒரு அன்னத்தை மட்டும் பின்னால் திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். அந்த அன்னத்தைப் பார்த்துத்தான் பாலிஷ்காரர் ‘ஆமா’ என்றார். புதைத்துவிட்டு வந்தோம். அந்த ஒரு சாண் வலையைக் குருவியின் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். வெள்ளைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தாள். சில மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து நிழலில் உலர்த்தி, வேறு மாதிரி மடித்து, மறுபடி சுற்றி வைப்பாள். ஜரிகைச் சேலையை அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரே மடிப்பில் விட்டால் இற்றுப்போகும். ஆனால் மடிக்க அங்கே துணியே இல்லை. யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

மஞ்சள் சேலை வந்த அன்று மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அக்கா புருஷனிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். நான் என் டப்பாவைத் திறந்துகொண்டு பக்கத்தில் இருந்தேன்.

“என் தையல் தெரிஞ்சவ ஒருத்திதான்.”

“அவ செத்துட்டா.”

“செத்துட்டா. அப்ப இதை மடிச்சது யாரு?”

“குருவிக்கு ஏது உயரம்? என் தோளுக்குக் கூட எட்ட மாட்டா. நீயே உயரமானவங்கறே.”

“அவ அளவுன்னு நான் சொல்லலீங்க. அவ கைன்னு சொல்றேன்.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மாடிப்படியில் அம்மா உட்கார்ந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

“அங்க போயும் வேலை வாங்குறாங்களா எம்பொண்ணை?” என்றாள் அவள். “யாரோ ஒரு நெட்டச்சிக்குச் சேலை மடிச்சுக் குடுக்கறாளாக்கும். பசிக்குப் போட்டாங்களோ என்னமோ.”

நான் டப்பாவை மூடினேன். பாலிஷ்காரர் எழுந்து கை கழுவப் போனார்.

வாடகைக் கடை அடுத்த ஊரில் இருந்தது. “நான் வரல. எதையாவது பாத்துத் தொலைச்சா என்ன பண்றது?” என்று பாலிஷ்காரர் சொல்லிவிட்டார். அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இறங்கியதும் மழை. ஒரு டீக்கடையில் ஒதுங்கி டீயும் பன்னும் சாப்பிட்டோம். அவள் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள்.

கடைக்காரம்மா கல்யாணச் சேலைகளுக்கும் நகைகளுக்கும் நடுவில் பருத்திக் குவியல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“மடிக்கிற பொண்ணா? மேல இருக்கு. கை சுத்தம், கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா அளவு எழுதிக் குடுத்தாலும் பிரயோஜனமில்ல. எதைக் குடுத்தாலும் நெடுமரத்துக்கு மடிச்ச மாதிரி மடிச்சு வச்சிருது. திட்டினா இனிமே பாத்து மடிக்கிறேங்குது. மறுநாள் பாத்தா அதே நெடுமரம். நீங்க யாரு, சொந்தமா?”

அக்கா அதற்குள் படி ஏறத் தொடங்கிவிட்டாள். மாடிப்படி குறுகலாக இருந்தது. மேலே கதவு பாதி திறந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு குட்டைப் பெண் எங்களுக்கு முதுகு காட்டி நின்று முந்தானை மடித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் வைத்து மடிக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேலே தூக்கி, எதிரில் நிற்கிற ஒருத்தியின் தோளில் போட்டுப் பார்க்கிற மாதிரி, வெறும் காற்றில் மடித்தாள். எதிரில் யாரும் இல்லை.

அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நிழல் விழுதான்னு பாருடி” என்று என் காதில் சொன்னாள்.

விழுந்தது. சொல்வதற்குள் அவள் திரும்பினாள். எங்களைப் பார்த்தாள். கையிலிருந்த மடிப்பு கலையவில்லை.

“அண்ணி, செருப்பைக் கழட்டிட்டு வாங்க. சேலை விரிச்சிருக்கு.”

அக்கா செருப்பைக் கழற்றினாள். போய் அவள் கன்னத்தைத் தொட்டாள், காதைத் தொட்டாள், அப்புறம் ஓங்கி ஒரு அறை விட்டாள். அடித்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். குருவி அழவில்லை. மடிப்புக்கு நூல் போட்டு முடித்துவிட்டுத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பஸ்ல பக்கத்து சீட்டுல ஒரு அம்மா. நல்ல உயரம். முன்னால சீட்டுக்காரரோட எண்ணெய் டப்பா சாஞ்சு அவங்க சேலை பூரா எண்ணெய். தங்கச்சி வீட்டுக்குப் போறாங்களாம். ரொம்ப வருஷமாப் பேச்சு இல்லையாம், அன்னைக்குத்தான் மனசு வந்து கிளம்பியிருக்காங்க. இந்தக் கோலத்துல போய் நின்னா வாசல்லயே சிரிப்பாளேன்னு அழுதாங்க. எனக்குத்தான் அந்தப் பச்சையைப் பாத்தாலே எரிச்சலா இருந்துச்சே. கட்டிக்கோங்கன்னு குடுத்தேன்.”

“நெய்து வந்த மறுநாளே?” என்றாள் அக்கா, அழுகைக்கு நடுவில். அவளுக்கு அதுதான் முதலில் வந்தது.

“பஸ் சாப்பாட்டுக்கு நின்ன இடத்துல, கடைக்குப் பின்னால ஒரு ரூம்ல நான்தான் கட்டிவிட்டேன். இடது தோள் இறங்கி இருந்துச்சு. நீங்க சொல்லிக் குடுத்தீங்களே, உள்ள ஒரு மடிப்பு கூட வைன்னு, அப்படி வச்சேன். கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சாங்க. இறங்கும்போது மாத்திக் குடுத்துடறேன்னாங்க. நான் பாத்ரூம் போனேன். வெளிய வந்தா பஸ் நகருது. கத்திக்கிட்டே ஓடினேன். அவங்க அப்பத்தான் உள்ள ஏறினாங்க. முதுகுதான் தெரிஞ்சுது. திரும்பவே இல்ல.”

மழை ஜன்னல் கம்பியில் அடித்தது. குருவி எழுந்து சேலைமேல் சாரல் படாமல் ஒரு துணியை இழுத்து மூடினாள்.

“நீ உயிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சாயங்காலம் அடுத்த பஸ்ல வந்தப்போ ரோடு ஓரத்துல எரிஞ்ச பஸ்ஸைப் பாத்து இறங்கினேன். அண்ணன் அங்க நிக்கறாரு. நான் கூட்டத்துல நின்னேன். கரையைப் பாத்துட்டு ‘ஆமா, என் தங்கச்சிதான்’ன்னாரு. அண்ணன் வாயால சொன்னது அப்படியே நடந்துபோச்சு, இனி நான் எந்த மூஞ்சியோட போறதுன்னு தோணுச்சு. கல்யாணமும் நின்னு போச்சேன்னு ஒரு பக்கம் நிம்மதி. அந்த நிம்மதிதான் அண்ணி என்னைப் பிடிச்சுக்கிச்சு.”

“என்ன பிடிச்சுக்கிச்சு?”

“மடிக்க உக்காந்தா அவங்க வந்து நிக்கறாங்க. முகத்தைக் காட்ட மாட்டாங்க. முதுகுதான். ‘முந்தானை சரியா இருக்கா பாரும்மா’ம்பாங்க. யார் அளவைக் குடுத்தாலும் கை அவங்க அளவுக்குத்தான் போகுது. நான் வாயைத் திறந்திருந்தா அவங்க சொந்தக்காரங்களாவது தேடி வந்திருப்பாங்க இல்ல?”

“அந்தம்மா பேரென்ன?”

“கேக்கல அண்ணி. பேர் தெரியாது, ஊர் தெரியாது. அளவு மட்டும்தான் தெரியும்.”

அவளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினபோது பாலிஷ்காரர் உருளையில் ஒரு சேலை ஓட்டிக்கொண்டிருந்தார். பார்த்தார். சேலை அந்தப் பக்கம் போய் விழுந்தது. எடுக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் துணியே இல்லாமல் உருளை சுற்றிக்கொண்டிருந்தது, அவர் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். குருவி பக்கத்தில் போய் சுவிட்சை அணைத்தாள். “நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன்மா” என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது.

அம்மா மகளை மடியில் போட்டுக்கொண்டு தலையைக் கோதினாள், சிரித்தாள், சோறு ஊட்டினாள். நடுவில் சட்டென்று கை நின்றது.

“அப்ப நான் யாருக்குடி அழுதேன்?”

குருவி சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கையைக் கழுவினாள். பீரோவைத் திறந்து வெள்ளைத் துணி மூட்டையை எடுத்தாள். “எந்திரி. இது அடுத்தவங்க வீட்டுச் சொத்து. நம்ம வீட்டுல வச்சிருக்கக் கூடாது” என்றாள். அவளே முன்னால் நடந்தாள். போலீஸ் ஸ்டேஷனில் மேசைமேல் அந்தக் கறுத்த வலையை விரித்து, ஓரம் மடங்காமல் நீவிவிட்டாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அவர் நல்ல மனுஷர். எரிச்சல்பட்டாரே தவிர விரட்டவில்லை.

“தோண்டி எடுத்துச் சோதனை பண்ணலாம். ஆனா யாரோட ஒப்பிட்டுப் பாக்கறது? எங்க ஆள்னு ஒருத்தர் வரணும். காணாமப் போன பொம்பளைங்க கேஸ் நிறைய கிடக்கு. முகம் எப்படி இருந்துச்சு, சொல்லும்மா.”

குருவி கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

“முகம் வரமாட்டேங்குது சார். நான் சேலையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.” அப்புறம் தலையை நிமிர்த்தினாள். “ஆனா காட்ட முடியும்.”

துணிக்கடையில் மூலையில் போட்டிருந்த, தலையில்லாத ஒரு பொம்மையை பாலிஷ்காரர் வாங்கி வந்தார். குருவி அதன் அடியில் பலகை வைத்து உயரம் ஏற்றினாள். பழைய துணியைச் சுற்றி இடுப்பை அகலமாக்கினாள். இடது தோளைத் தட்டித் தட்டி இறக்கினாள். அளவு நாடாவைத் தொடவே இல்லை. அக்கா ஒரு பச்சைப் பட்டு எடுத்துக் கொடுத்தாள். கட்டி முடித்ததும் அறையில் ஒரு ஆள் கூடிவிட்ட மாதிரி இருந்தது. நான் முன்னறையில் தைத்துக்கொண்டிருப்பேன், முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருக்கும். டீ கொண்டுவருகிற ஆள் கூட ஒரு நாள், “அந்தம்மாவுக்கும் ஒண்ணு வைக்கவா?” என்று கேட்டுவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்து, தட்டோடு ஓடினான்.

இன்ஸ்பெக்டர் அனுப்பிச் சில பேர் வந்தார்கள். மகளைத் தேடுகிற ஒரு அப்பா, அக்காவைத் தேடுகிற ஒருத்தி. கதவருகில் நின்று பார்த்து, “இவ்வளவு உயரம் இல்லீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இல்லை என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வரும். தெருமுனை போவதற்குள் அது போய்விடும்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு மதியத்தில் ஒரு லாரி டிரைவர் வந்தார். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தவர், உள்ளே வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

“எனக்கு நம்பிக்கை இல்ல. ஸ்டேஷன்ல போய்ப் பாரு போய்ப் பாருன்னாங்க. எம்பொண்டாட்டி செத்தெல்லாம் போகலீங்க. நான் லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிருந்தப்ப வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போயிட்டா. நான் கிளம்புறதுக்கு முந்தின நாள் எங்களுக்குள்ள ஒரு சண்டை. என்னை வேண்டாம்னுதான் போனா. எல்லார்கிட்டயும் நான் அப்படித்தான்...”

நடு அறை வாசலுக்கு வந்துவிட்டார். பொம்மை ஜன்னலைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது.

அவர் பேச்சு நின்றது. பின்னறையில் உருளையும் நின்றது. பாலிஷ்காரர் அணைத்திருக்க வேண்டும்.

“ஆஸ்பத்திரியில சலவை வேலைங்க அவளுக்கு” என்றார், ரொம்ப மெல்ல. “மூட்டையெல்லாம் அந்தத் தோள்லதான் போடுவா. மாத்திப் போடுடின்னா கேக்க மாட்டா.”

அம்மா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. குருவி பொம்மையின் இடுப்பைப் பிடித்தாள்.

“முன்னால பாக்கறீங்களா? திருப்பட்டுமா?”

“வேண்டாம்” என்று கையை நீட்டித் தடுத்தார். “வேண்டாம்மா. திருப்பாதே. இப்படியே இருக்கட்டும்.”

திருப்பினால் தலை இல்லாததுதான் தெரியும். பின்னாலிருந்து பார்த்தாலும் தெரியத்தான் செய்தது. ஆனால் அவர் கண் அவ்வளவு மேலே போகவில்லை. தோள் வரைக்கும்தான் போனது. கிட்டே வந்தார். முந்தானை அந்தத் தோளில் கொஞ்சம் நழுவியிருந்தது. ஆள்காட்டி விரலால், சேலை கசங்காமல், அதை மேலே ஏற்றிவிட்டார். அவர் அதைச் செய்தது முதல் தடவை இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. விரலை எடுத்ததும் மறுபடி நழுவியது.

“ஒரு தையல் போடட்டுமா?” என்றாள் குருவி.

“அவளுக்கு நிக்காதும்மா.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்க போய்க்கிட்டிருந்தா? உன்கிட்ட சொன்னாளா?”

“தங்கச்சி வீட்டுக்கு. சமாதானமாப் போகணும்னு கிளம்பினேன்னாங்க.”

“தங்கச்சி வீட்டுக்கா? என்னை விட்டுட்டுப் போகலையா?”

“இல்லீங்க. ரெண்டு நாள்ல திரும்பணும், வீட்டுக்காரர் வந்துடுவார்னுதான் சொன்னாங்க.”

அவர் பச்சை முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். சேலையின் ஜரிகையில் வெயில் பட்டு, வெளிச்சம் சுவரில் அசைந்தது.

“இந்த மாதிரி ஒரு சேலை நான் எடுத்துக் குடுத்ததே இல்ல. நல்லா இருந்துச்சா அவளுக்கு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு. கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சாங்க.”

“சிரிச்சாளா?” என்றார். அப்புறம் பொம்மையின் பக்கமே குனிந்து, அதற்கு மட்டும் கேட்கிற மாதிரி, “வா, வீட்டுக்குப் போலாம்” என்றார்.